பெயரல்லாத பெயர்கள்

வேலை கேட்டு அனுப்பும் மின்னஞ்சலின் கடைசி வரியில் பலர் சறுக்குகிறார்கள். 'ஐ லுக் ஃபார்வர்ட் டு மீட் யூ' என்று முடித்துவிட்டுக் கீழே பெயரைப் போடுகிறார்கள். எழுதியவருக்கு அதில் குறையொன்றும் தெரிவதில்லை. 'டு' வந்தால் அடுத்து வினையின் மூல வடிவம்தான் வரவேண்டும் என்று பள்ளியில் படித்த விதியைத்தான் அவர் பின்பற்றியிருக்கிறார். ஆனால் அங்கே வரவேண்டியது 'மீட்டிங்'. 'டு'வுக்குப் பின்னால் இருக்கும் அந்த இடம் வினைக்கு உரியதல்ல, பெயருக்கு உரியது.

ஒரு சொல் பெயரா, வினையா என்பதை இன்றைய தமிழில் அதன் வடிவமே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். 'நட' வினை. 'நடத்தல்', 'நடை', 'நடப்பு' எல்லாம் பெயர். 'வந்தான்' வினைமுற்று, 'வந்தவன்' வினையாலணையும் பெயர். விகுதியைப் பார்த்தால் போதும். அதனால்தான் தமிழ் வாக்கியத்தில் சொற்களை முன்பின்னாக மாற்றிப் போட்டாலும் பொருள் குலைவதில்லை.

ஆங்கிலத்துக்கு இந்த வசதி குறைவு. 'வாக்' என்ற சொல் வினையாகவும் வரும், பெயராகவும் வரும். எழுத்தில் ஒரு மாற்றமும் இருக்காது. 'தே வாக்' என்றால் நடக்கிறார்கள். 'எ லாங் வாக்' என்றால் நெடுந்தூர நடை. அது எந்த இடத்தில் நிற்கிறது என்பதுதான் அதன் இனத்தைத் தீர்மானிக்கிறது. விகுதியைத் தேடிப் பழகிய கண் இடத்தைத் தேடப் பழக வேண்டும். இந்த அத்தியாயத்தில் வரும் பிழைகள் அத்தனையும் அந்தப் பழக்கம் வராததால் விளைபவை.

பெயர் நிற்கும் நான்கு இடங்கள்

ஆங்கில வாக்கியத்தில் பெயர் நிற்கக்கூடிய முக்கியமான இடங்கள் நான்கு.

முதலாவது, எழுவாய். 'கிரிக்கெட் இஸ் ஃபன்' என்பதில் கிரிக்கெட் நிற்கும் இடம். இரண்டாவது, செயப்படுபொருள். 'ஐ லைக் கிரிக்கெட்' என்பதில் அதே சொல் வினைக்குப் பின்னால் போய் நிற்கிறது. மூன்றாவது, 'இஸ்', 'வாஸ்' போன்றவற்றுக்குப் பிறகு எழுவாய் இன்னதென்று சொல்லும் இடம்: 'ஹிஸ் ஹாபி இஸ் கிரிக்கெட்'. நான்காவது, 'இன்', 'ஆன்', 'ஃபார்', 'விதவுட்' போன்ற முன்னிடைச்சொற்களுக்கு அடுத்த இடம்: 'ஹி இஸ் மேட் அபவுட் கிரிக்கெட்'.

இந்த நான்கில் கிரிக்கெட்டை எடுத்துவிட்டு 'ஸ்விம்மிங்' என்று வைத்துப் பார்க்கலாம். நான்கு வாக்கியங்களும் நிற்கும். 'ஸ்விம்' என்பது வினைதான். 'இங்' சேர்ந்ததும் பெயரின் வேலையை முழுவதுமாக எடுத்துக்கொள்கிறது.

சந்தேகம் வந்தால் எளிய சோதனை ஒன்று உண்டு. சந்தேகத்துக்குரிய பகுதியை எடுத்துவிட்டு அங்கே 'இட்' போட்டுப் பார்க்க வேண்டும். 'ஷி என்ஜாய்ஸ் குக்கிங்' என்பது 'ஷி என்ஜாய்ஸ் இட்' என்று மாறினாலும் பொருள் தருகிறது. ஆகவே இங்கே 'குக்கிங்' பெயர். 'ஷி இஸ் குக்கிங்' என்பதை 'ஷி இஸ் இட்' என்று மாற்றினால் அவர் சமைத்துக்கொண்டிருக்கிறார் என்ற செய்தியே போய்விடுகிறது. இங்கே அது வினையின் ஒரு பகுதி.

'இங்' வடிவம்: தெருவில் நிற்கும் இலக்கணம்

இந்த வடிவத்தை ஆங்கில இலக்கணம் 'ஜெரண்ட்' என்று அழைக்கிறது. தமிழில் நெருங்கிய உறவு தொழிற்பெயர். தமிழ்நாட்டில் ஆங்கிலம் பேசாதவர்கூட நாள் முழுதும் இதைப் புழங்குகிறார். வீட்டு வாசலில் 'நோ பார்க்கிங்' பலகை. பேருந்து நிறுத்தத்தில் 'நோ ஸ்மோக்கிங்'. பிள்ளை 'கோச்சிங்'குக்குப் போகிறான். நடிகர் 'ஷூட்டிங்'கில் இருக்கிறார். படத்தின் 'எடிட்டிங்'கைப் பற்றி விமர்சகர் எழுதுகிறார். இவற்றோடு கு, இல், ஐ ஆகிய வேற்றுமை உருபுகள் உறுத்தலில்லாமல் ஒட்டிக்கொள்கின்றன. வேற்றுமை உருபை ஏற்பது பெயருக்கு உரிய குணம். பேசுகிறவர் இலக்கணம் படிக்காமலேயே இந்தச் சொற்களைப் பெயர் என்று கண்டுகொண்டிருக்கிறார்.

ஆங்கிலத்தில் 'இங்' தொடக்கத்தில் பெயராக்கும் விகுதிதான். பழைய ஆங்கிலத்தில் வினையிலிருந்து பெயரை உண்டாக்க 'உங்', 'இங்' என்ற விகுதிகள் இருந்தன. ஒருவர் செய்துகொண்டிருப்பதைச் சொல்ல 'எண்டே' என்று முடியும் வேறொரு வடிவம் இருந்தது. இடைக்கால ஆங்கிலத்தில் இரண்டும் கலந்து, 'இங்' ஒன்றே இரு வேலையையும் ஏற்றது. இன்றைய குழப்பம் அந்தக் கலப்பின் மிச்சம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகம் 2002இல் வெளியிட்ட பெரிய ஆங்கில இலக்கண நூலில் ஹடில்ஸ்டனும் புல்லமும் இரண்டையும் பிரிப்பதையே கைவிட்டு, ஒரே பெயரின் கீழ் சேர்த்துவிட்டார்கள். கற்பவருக்கு அந்த விவாதம் தேவையில்லை. இடம் தெரிந்தால் போதும்.

ஜெரண்ட் பெயரின் இடத்தில் உட்கார்ந்தாலும் வினையின் குணத்தை விடுவதில்லை. 1998இல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கிய படத்தின் தலைப்பு 'சேவிங் பிரைவேட் ரயன்'. அதில் 'சேவிங்' தனக்கென ஒரு செயப்படுபொருளை வைத்திருக்கிறது. யாரைக் காப்பாற்றுவது? ரயனை. தமிழ்த் தொழிற்பெயரும் இதே போலத்தான். 'கடிதத்தை எழுதுதல்' என்னும்போது 'எழுதுதல்' பெயராக இருந்தும் 'கடிதத்தை' என்ற இரண்டாம் வேற்றுமையை ஏற்கிறது. மறுக்க வேண்டுமானால் முன்னால் 'நாட்' சேர்த்தால் போதும்: 'நாட் ஸ்லீப்பிங் எனஃப் இஸ் டேஞ்சரஸ்'.

எழுவாயாக வரும்போது ஒரு கண்ணி உண்டு. 'ரீடிங் நாவல்ஸ்' என்று தொடங்கியதும், பக்கத்தில் 'நாவல்ஸ்' பன்மையாக இருப்பதைப் பார்த்து 'ஆர்' போட்டுவிடுகிறார்கள். எழுவாய் நாவல்கள் அல்ல, படிப்பது. அது ஒருமை. 'ரீடிங் நாவல்ஸ் இஸ் ஹெர் ஹாபி' என்பதே சரி.

செய்தவர் யார் என்று சொல்ல 'மை', 'ஹிஸ்' போன்ற உடைமைச் சொற்கள் முன்னால் வரும்: 'தே டிட் நாட் லைக் மை கமிங் லேட்'. பேச்சில் 'மீ கமிங் லேட்' என்பதே அதிகம் கேட்கும். இதைப் பிழை என்று அகராதியியலாளர் ஹென்றி ஃபவுலர் சாடினார். டென்மார்க்கைச் சேர்ந்த மொழியியலாளர் ஓட்டோ யெஸ்பர்சன் 1926இல் அதற்கு எதிராக எழுதினார். இன்று இரண்டும் வழக்கில் உள்ளன. அலுவலகக் கடிதத்தில் 'மை' எழுதுவதும், பேச்சில் 'மீ' சொல்வதும் பாதுகாப்பான வழி.

'இங்'கா, 'டு'வா?

'டு ஸ்விம்' என்ற வடிவமும் பெயரின் இடத்தில் நிற்கும். எழுவாயாக வைத்தால் பழைய நூல் நடையின் வாடை அடிக்கும். எனவே பேச்சில் அதை வாக்கியத்தின் கடைசிக்குத் தள்ளி, காலியான இடத்தில் 'இட்' போட்டு நிரப்புகிறார்கள்: 'இட் இஸ் ஈஸி டு ஸ்விம் ஹியர்'.

கற்பவருக்கு உண்மையான தலைவலி செயப்படுபொருள் இடத்தில்தான். சில வினைகள் 'இங்' வடிவத்தை மட்டுமே ஏற்கும். சில 'டு' வடிவத்தை மட்டுமே ஏற்கும். தமிழில் 'படிப்பதை விரும்புகிறாள்', 'படிக்க விரும்புகிறாள்' இரண்டும் செல்லும் என்பதால் இங்கே தாய்மொழி அதிகம் உதவாது. பட்டியலை மனத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

'இங்' மட்டும் ஏற்பவை: என்ஜாய், அவாய்ட், ஃபினிஷ், மைண்ட், டினை, பிராக்டிஸ், போஸ்ட்போன், கன்சிடர், சஜஸ்ட்.

'டு' மட்டும் ஏற்பவை: வான்ட், ஹோப், டிசைட், அக்ரீ, ரெஃப்யூஸ், பிராமிஸ், மேனேஜ், அஃபோர்ட்.

இரண்டையும் ஏற்பவை: ஸ்டார்ட், பிகின், கன்டின்யூ. இவற்றில் பொருள் பெரிதாக மாறாது.

நான்காவதாக ஒரு சிறு கூட்டம் இருக்கிறது. இரண்டையும் ஏற்கும், ஆனால் பொருள் அடியோடு மாறும். இங்கே மட்டும் தமிழ் கைகொடுக்கிறது. 'ஹி ஸ்டாப்ட் ஸ்மோக்கிங்' என்றால் புகைப்பதை நிறுத்தினார். 'ஹி ஸ்டாப்ட் டு ஸ்மோக்' என்றால் புகைக்க நின்றார். முதலாமவரை மருத்துவர் பாராட்டுவார். இரண்டாமவர் பெட்டிக்கடை வாசலில் இருப்பார். 'ஷி ஃபர்காட் டு லாக் தி டோர்' என்றால் கதவைப் பூட்ட மறந்தார், வீடு திறந்து கிடக்கிறது. 'ஷி ஃபர்காட் லாக்கிங் தி டோர்' என்றால் பூட்டியதையே மறந்தார், வீடு பத்திரமாக இருக்கிறது. 'பூட்ட', 'பூட்டியதை' என்று தமிழ் காட்டும் வேறுபாடே ஆங்கிலத்தில் 'டு', 'இங்' என்று வருகிறது. 'ரிமெம்பர்' என்ற சொல்லுக்கும் இதே கணக்கு.

இனி முதலில் பார்த்த மின்னஞ்சலுக்கு வரலாம். ஆங்கிலத்தில் 'டு' இரண்டு உண்டு. ஒன்று வினைக்கு முன்னால் வரும் அடையாளம்: 'டு கோ', 'டு ஈட்'. மற்றது முன்னிடைச்சொல்: 'டு மதுரை', 'டு தி ஆஃபீஸ்'. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. பிரித்தறிய, அதன் பின்னால் சாதாரணப் பெயர் ஒன்றை வைத்துப் பார்க்க வேண்டும். 'ஐ லுக் ஃபார்வர்ட் டு தி இன்டர்வியூ' என்பது சரியான வாக்கியம். எனவே இது முன்னிடைச்சொல். அடுத்து வினை வந்தால் 'இங்' உடுத்தித்தான் வர வேண்டும். 'அப்ஜெக்ட் டு', 'அடிக்டட் டு', 'கமிட்டட் டு', 'டெவோட்டட் டு' எல்லாம் இந்த வகை.

'யூஸ்ட் டு' இரு வகையிலும் வரும். 'ஐ யூஸ்ட் டு டிரைவ் அட் நைட்' என்றால் முன்பு இரவில் ஓட்டுவது வழக்கம், இப்போது இல்லை. 'ஐ ஆம் யூஸ்ட் டு டிரைவிங் அட் நைட்' என்றால் இரவில் ஓட்டிப் பழகிவிட்டது. நடுவில் 'ஆம்', 'இஸ்', 'ஆர்' இருக்கிறதா என்று பார்த்தாலே எது என்று தெரிந்துவிடும்.

மற்ற முன்னிடைச்சொற்களில் இந்தக் குழப்பமே இல்லை. 'விதவுட்', 'பிஃபோர்', 'ஆஃப்டர்', 'இன்ஸ்டெட் ஆஃப்', 'பை', 'ஃபார்' என எது வந்தாலும் அடுத்த வினை 'இங்' வடிவில்தான்: 'விதவுட் ஆஸ்கிங்', 'பை வொர்க்கிங் ஹார்ட்'.

'தி' போட்டால் ஆள்

'புவர்' பண்பைச் சொல்லும் சொல். முன்னால் 'தி' சேர்ந்து 'தி புவர்' ஆனதும் ஏழை மக்கள் என்ற பெயராகிவிடும். 'தி ரிச்', 'தி எல்டர்லி', 'தி அன்எம்ப்ளாய்ட்', 'தி இஞ்சர்ட்' ஆகியவையும் அப்படியே. இங்கே மூன்று விதிகள். ஒன்று, இவை ஒரு கூட்டத்தைக் குறிப்பதால் வினை பன்மையில் வரும்: 'தி புவர் ஆர்', 'தி இஞ்சர்ட் வேர்'. இரண்டு, பன்மைக்காக 'எஸ்' சேர்க்கக் கூடாது. 'புவர்ஸ்' என்று ஒரு சொல் ஆங்கிலத்தில் இல்லை. மூன்று, ஒருவரை மட்டும் சொல்ல இது உதவாது. 'எ புவர்' தவறு. 'எ புவர் மேன்', 'எ புவர் வுமன்' என்று முழுதாகச் சொல்ல வேண்டும்.

நீதிமன்றச் செய்தி படிப்பவர்கள் ஒரு விலக்கைக் கவனித்திருப்பார்கள். 'தி அக்யூஸ்ட்' குற்றம் சாட்டப்பட்ட ஒருவரையும் குறிக்கும், பலரையும் குறிக்கும். 'தி டிசீஸ்ட்' என்ற இறந்தவரைக் குறிக்கும் சொல்லும் அப்படித்தான். செர்ஜியோ லியோனி 1966இல் எடுத்த 'தி குட், தி பேட் அண்ட் தி அக்லி' படத் தலைப்பில் ஒவ்வொரு சொல்லும் ஒரே ஓர் ஆளைச் சுட்டுகிறது. அது தலைப்புக்கான சுதந்திரம். தேர்வுத் தாளில் எடுபடாது. பண்புச்சொல் முழுப் பெயராகவே மாறிவிடுவதும் உண்டு. முல்க் ராஜ் ஆனந்தின் 1935ஆம் ஆண்டு நாவலின் பெயர் 'அன்டச்சபிள்'. அந்தச் சொல் 'எஸ்' ஏற்றுப் பன்மையாகும். 'ஆன்' என்ற முன்சொல்லை ஏற்று ஒருமையாகும். 'புவர்' அந்த நிலையை எட்டவில்லை.

ஆட்களைக் குறிக்காமல் கருத்தைக் குறிக்கும்போது வினை ஒருமை: 'தி இம்பாசிபிள் ஹேஸ் ஹேப்பன்ட்', நடக்காதது நடந்துவிட்டது.

இலக்கணம் சரியாக இருந்தும் பண்பாடு இடிக்கும் இடம் இது. ஒரு கூட்டத்தையே ஒரே குணத்தின் பெயரால் அழைப்பது மரியாதைக் குறைவு என்ற எண்ணம் ஆங்கில ஊடகங்களில் வலுத்துவருகிறது. இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் ஆங்கிலத் தலைப்பிலும் 'தி டிசேபிள்ட்' கிடையாது. 'பர்சன்ஸ் வித் டிசெபிலிட்டீஸ்' என்றே இருக்கிறது. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் 2023 ஜனவரியில் ட்விட்டரில் இப்படியொரு அறிவுரை தந்தது. தவிர்க்க வேண்டியவை என்று அது தந்த எடுத்துக்காட்டுகளில் 'தி புவர்' என்பதோடு 'தி ஃப்ரெஞ்ச்' என்பதும் இருந்தது. உலகமே சிரித்தது. அமெரிக்காவிலுள்ள பிரெஞ்சுத் தூதரகம் தன் கணக்கின் பெயரை 'எம்பசி ஆஃப் ஃப்ரெஞ்ச்னஸ்' என்று மாற்றிக் காட்டிக் கேலி செய்தது. செய்தி நிறுவனம் பதிவை நீக்கி, பிரெஞ்சுக்காரர்களைச் சேர்த்தது பொருந்தாது என்று ஒப்புக்கொண்டது. 'தி ஃப்ரெஞ்ச்', 'தி பிரிட்டிஷ்', 'தி ஜாப்பனீஸ்' என்று நாட்டவரைச் சொல்வதில் தடையில்லை. குறைபாட்டையோ வறுமையையோ பெயராக்கும்போது 'பீப்பிள்' சேர்த்துச் சொல்வது நல்லது.

ஒரு வாக்கியமே பெயரானால்

'அவர் சொன்னது உண்மை' என்ற வாக்கியத்தில் எழுவாய் 'சொன்னது'. வினையே பெயராகிவிட்டது. ஆங்கிலத்தில் இதைச் சொல்ல ஒரு குட்டி வாக்கியமே எழுவாய் இடத்துக்கு வரும்: 'வாட் ஹி செட் இஸ் ட்ரூ'. 'தட்', 'வாட்', 'வேர்', 'ஹௌ', 'வெதர்' போன்ற சொற்களில் தொடங்கும் இத்தகைய பகுதிகள் முழுமையாக ஒரு பெயரின் வேலையைச் செய்கின்றன.

இங்கே தமிழர் அடிக்கடி செய்யும் பிழை சொல் வரிசையில். 'அவர் எங்கே இருக்கிறார்?' என்ற கேள்வியைத் தமிழில் 'என்று தெரியவில்லை' சேர்த்து அப்படியே பெரிய வாக்கியத்துக்குள் வைத்துவிடலாம். ஒரு சொல்லும் நகராது. அதே நம்பிக்கையில் 'ஐ டோன்ட் நோ வேர் இஸ் ஹி' என்கிறார்கள். ஆங்கிலத்தில் கேள்வி, பெயரின் இடத்துக்கு வந்தவுடன் கேள்வி வரிசையைக் களைந்துவிட வேண்டும்: 'ஐ டோன்ட் நோ வேர் ஹி இஸ்'. 'டூ', 'டஸ்', 'டிட்' போன்ற கேள்வித் துணைகளும் விடைபெறும். 'வேர் டஸ் ஷி லிவ்?' என்பது உள்ளே போனால் 'டெல் மீ வேர் ஷி லிவ்ஸ்'.

ஆமா இல்லையா என்ற வகைக் கேள்வி உள்ளே வரும்போது 'இஃப்' அல்லது 'வெதர்' சேரும். முன்னிடைச்சொல்லுக்கு அடுத்தபடி 'வெதர்' மட்டுமே: 'இட் டிபெண்ட்ஸ் ஆன் வெதர் தே அக்ரீ'. 'சஜஸ்ட்' பற்றியும் இங்கே ஒரு சொல். 'ஹி சஜஸ்டட் மீ டு கோ' என்று கூறுவது நம் ஊரில் மிகப் பரவலான பிழை. 'ஹி சஜஸ்டட் தட் ஐ கோ' என்று குட்டி வாக்கியமாகச் சொல்லலாம்.

வடிவம் மாறாமல் கட்சி மாறுபவை

'ஹேவ் எ லுக்', 'டேக் எ வாக்', 'கிவ் இட் எ ட்ரை' என்ற தொடர்களில் லுக், வாக், ட்ரை எல்லாம் 'எ' என்ற முன்சொல்லை ஏற்றுப் பெயராகிவிட்டன. வேறு சில சொற்களும் இப்படிப் பெயராகி 'எஸ்' ஏற்று வரும். மேடுபள்ளம் 'அப்ஸ் அண்ட் டவுன்ஸ்'. செய்யத் தக்கவையும் தகாதவையும் 'டூஸ் அண்ட் டோன்ட்ஸ்'. இருப்பவரும் இல்லாதவரும் 'ஹேவ்ஸ் அண்ட் ஹேவ்-நாட்ஸ்'.

சில இணைகளில் எழுத்து ஒன்றாக இருந்தாலும் அழுத்தம் மாறும். 'ரெக்கார்ட்' பெயராக இருந்தால் அழுத்தம் முதல் அசையில். வினையாக இருந்தால் இரண்டாம் அசையில், 'ரிக்கார்ட்' என்று ஒலிக்கும். பெர்மிட், இம்போர்ட், எக்ஸ்போர்ட், இன்சல்ட், ப்ராஜெக்ட் ஆகியவையும் இதே வழி. பீட்டர் லெவின்ஸ் 1570இல் வெளியிட்ட சொற்பட்டியலில் இவ்வாறு பிரிந்த சொற்கள் மூன்றுதான்: அவுட்லா, ரெபல், ரெக்கார்ட். 1934 வாக்கில் அவை 150 ஆகிவிட்டன. தமிழில் அசை அழுத்தத்தால் பொருள் மாறுவதில்லை என்பதால் நம் காது இதைத் தவறவிடுகிறது. பெயர் என்றால் முன்னால் அழுத்தம், வினை என்றால் பின்னால் அழுத்தம் என்று வைத்துக்கொண்டு சத்தமாகச் சொல்லிப் பழகலாம். எல்லாச் சொற்களுக்கும் இது பொருந்தாது. 'ரிப்போர்ட்', 'சப்போர்ட்' இரண்டும் எப்படி வந்தாலும் பின்னசையிலேயே அழுத்தம் பெறும்.

பயிற்சி

கீழே உள்ள ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரு பிழையாவது உண்டு. முதலில் பெயரின் இடம் எது என்று கண்டுபிடித்துவிட்டுத் திருத்த வேண்டும்.

1. ஹி லெஃப்ட் விதவுட் சே எனிதிங்.
2. கேன் யூ டெல் மீ வாட் டைம் இஸ் இட்?
3. தி இஞ்சர்ட்ஸ் வாஸ் டேக்கன் டு தி ஹாஸ்பிட்டல்.
4. ஷி அவாய்ட்ஸ் டு ஈட் ஸ்வீட்ஸ்.
5. க்ரோயிங் ரோசஸ் ஆர் ஹிஸ் ஹாபி.
6. வி ஆர் யூஸ்ட் டு ஈட் லேட்.
7. எவ்ரிதிங் டிபெண்ட்ஸ் ஆன் இஃப் இட் ரெயின்ஸ்.

விடைகள்

1. 'சேயிங்': 'விதவுட்' முன்னிடைச்சொல்.
2. 'வாட் டைம் இட் இஸ்': உள்ளே வந்த கேள்வியில் கேள்வி வரிசை கூடாது.
3. 'தி இஞ்சர்ட் வேர்': 'எஸ்' வராது, வினை பன்மை.
4. 'ஈட்டிங்': 'அவாய்ட்' இந்த வடிவத்தை மட்டுமே ஏற்கும்.
5. 'இஸ்': எழுவாய் ரோஜாக்கள் அல்ல, வளர்ப்பது.
6. 'ஈட்டிங்': 'ஆர்' இருப்பதால் பழகிப்போன பொருள். 'ஆர்' இல்லாமல் 'வி யூஸ்ட் டு ஈட் லேட்' என்றாலும் வாக்கியம் சரியே. ஆனால் முன்பு இருந்த வழக்கம் என்று பொருள் மாறிவிடும்.
7. 'வெதர்': 'ஆன்' என்ற முன்னிடைச்சொல்லுக்கு அடுத்து 'இஃப்' வராது.